எழுத்த கையால மூடிட்டு படத்தப் பாருங்க: சின்னப் பிள்ளைங்களுக்கு பட புக்கு வாங்கறதும் படிக்கறதும்

மொதல்லயே சொல்லிடறேன், நான் டீச்சரும் இல்ல டாக்டரும் இல்ல. வேலூர் சத்துவாச்சாரில இருந்து தினமும் ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஷூ கம்பெனிக்கு பஸ்ல போய் வர ஆளு. பெரியவளுக்கு அஞ்சு வயசு, சின்னவனுக்கு ரெண்டு முடியப் போவுது. இந்த அஞ்சு வருஷத்துல பட புக்குக்குன்னு செலவு பண்ண காசுல பாதி தண்டம், மீதி பாதி நல்லா வேலை செஞ்சுது, எது ஏன் தண்டம் ஆச்சுன்னு எழுதி வச்சா புதுசா வாங்கறவங்களுக்காவது உதவும்னு தான் இது.

எங்க வீட்ல பட புக்கு நல்லா படிக்கறது யாருன்னா எங்க அத்தை. என் பொண்டாட்டியோட அம்மா. ஆரணி பக்கம் கிராமம், பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்ல, பேங்க்ல இன்னும் கைநாட்டு தான். பெரியவளுக்கு மூணு வயசு இருக்கும்போது ஒரு ஆடு கதை புக்கு வாங்கியாந்தேன், நான் படிச்சா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடும், முடியறதுக்குள்ளயே அவ எழுந்து ஓடிடுவா. ஒரு நாள் ஷிப்ட் முடிச்சு வரேன், ஆயாவும் பேத்தியும் அதே புக்க வச்சிக்கினு மூணாவது பக்கத்துலயே உக்காந்திருக்காங்க, நான் குளிச்சு சாப்ட்டு வந்து பாத்தா அப்பவும் அதே பக்கம். “தோ பாரு கண்ணு, இந்தப் பொம்பள அடுப்புல இன்னாத்தயோ வச்சிட்டு எங்க போயிட்டா? பொங்கி வழியுது பாரு, ஆடு பாத்துக்கினு கீது பாரு.” நான் பத்து தடவ படிச்ச புக்கு அது, அடுப்புல பானை பொங்கறத நான் பாத்ததே இல்ல. எழுத்துல இருந்தது “ஆடு வீட்டுக்குள் நுழைந்தது” மட்டும் தான். எனக்கு எழுத்து தெரியும், அதனால எழுத்த மட்டும் படிச்சேன், அவங்களுக்குத் தெரியாது, அதனால படத்த முழுசா படிச்சாங்க. அதுக்கு அப்புறம் நான் புக்கு வாங்கற விதமே மாறிப் போச்சு.

அதனால கடைல நின்னுக்கினு இருக்கும்போது மொத வேலை, எந்தப் பக்கமாவது திறந்து எழுத்த கையால மூடிடுங்க. படத்துல மட்டும் இன்னா நடக்குதுன்னு பாருங்க. யாரோ எங்கயோ போறாங்க, யாருக்கோ கோவம், மூலைல ஒரு பூனை எதையோ திருடுது, இப்படி ஏதாவது தெரிஞ்சா புக்க கைல வச்சிக்குங்க. யானைன்னு எழுதி நடுவுல ஒரு யானை, பின்னாடி வெறும் பச்சை, அவ்ளோ தான்னா வச்சிடுங்க, யானையைக் காட்டறதுக்கு புக்கு எதுக்கு, கோயில் யானை போதும். ரெண்டாவது, எழுத்து சொல்லாத ஏதோ ஒன்னு படத்துல இருக்கணும், பிள்ளைங்க அதக் கண்டுபிடிச்சு நம்மகிட்ட காட்டும்போது வர சந்தோஷம் இருக்கே, அதுக்காகவே மறுபடி மறுபடி தூக்கிக்கினு வரும். மூணாவது, இந்தக் கதைய நாப்பது தடவ சத்தமா படிக்க உங்களால முடியுமான்னு உங்களையே கேட்டுக்குங்க. ஏன்னா படிக்கச் சொல்லுவாங்க.

நான் தண்டம் பண்ணது எல்லாம் பஸ் ஸ்டாண்ட் பக்கமும் ஃபேன்சி ஸ்டோர்லயும் தொங்கற அந்தப் பளபளா புக்குங்க. ஏ ஃபார் ஆப்பிள், ஐ ஃபார் இக்லூ, எக்ஸ் ஃபார் சைலஃபோன். வேலூர்ல மே மாசம் ஃபேன் காத்தே அனல் மாதிரி அடிக்குது, இங்க ஒரு பிள்ளைக்கு மொத மொதல்ல கத்துக் குடுக்க வேண்டிய வீடு பனிக்கட்டில கட்டற இக்லூவா? காய்கறி புக்குல கத்திரிக்கா வழவழன்னு ஊதா கலர்ல நீட்டமா இருக்குது, எங்க வீட்ல வாங்கறது இலவம்பாடி முள்ளு கத்திரிக்கா, காம்புலயும் இலையிலயும் முள்ளு, எடுக்கும்போதே கைல குத்தும். எம் பொண்ணு அந்தப் படத்தப் பாத்துட்டு “அப்பா முள்ளு எங்க”ன்னு கேட்டா. அந்தப் புக்குல நடந்த ஒரே நல்ல பேச்சு அது தான்.

இதுக்குன்னு வெளியூர் படமே வேணாம்னு நான் சொல்லல. பனி, கப்பல், ஒட்டகம் எல்லாம் பாக்கட்டும். ஆனா பத்து புக்குல கொறஞ்சது நாலு, நம்ம வீட்டு மாதிரி வீடு, லுங்கி கட்டின தாத்தா, எவர்சில்வர் சொம்பு, வாசல்ல தண்ணி குடம் இருக்கற புக்கா இருக்கணும். ஒரு புக்குல ஆறு வந்துது, நிறைய தண்ணி, படகு, மீனு. இவ பாத்ததெல்லாம் பாலாறு. பாலாத்து பாலத்து மேல பஸ் போவும்போது கீழ மணலும் முள்ளுச் செடியும் மாடும் தான் தெரியும். 2021 நவம்பர்ல ஆறு ரெண்டு கரையும் தொட்டுக்கினு ஓடுச்சே, அப்ப இவ கைக்குழந்தை. அதனால “ஆத்துல ஏம்பா தண்ணி ஊத்தி வச்சிருக்காங்க”ன்னு கேட்டா. சிரிச்சிட்டேன், அப்புறம் சிரிப்பு வரல. அன்னிக்கு செல்லுல இருந்த அந்த வெள்ளத்து வீடியோவ எடுத்துக் காட்டி, அவ ஆயா சின்ன வயசுல ஆத்துல ஊத்து தோண்டி தண்ணி எடுத்தத சொல்லி, ஒரு மணி நேரம் ஓடிப் போச்சு. அதே மாதிரி ராஜா கதைல “அகழி”ன்னு வந்தா நமக்கு கொடுப்பினை, ஞாயித்துக்கெழம வேலூர் கோட்டைக்குக் கூட்டிக்கினு போய் காட்டிடலாம். புக்குல பாத்தத நேர்ல, நேர்ல பாத்தத புக்குல, இத ஒரு வழக்கமாவே வச்சிக்குங்க.

வயசு கணக்கு சுருக்கமா சொல்றேன். பிறந்த குழந்தைக்கு ஒரு சாண், மிஞ்சினா ஒன்னரை சாண் தூரம் தான் ஓரளவு தெளிவா தெரியும், அதனால கறுப்பு வெள்ளைல பெருசா வட்டம், கோடு, முகம் இருந்தாப் போதும், அத நீங்களே காலண்டர் அட்டைல மார்க்கர் வச்சு போட்டுக்கலாம், காசு குடுத்து வாங்காதீங்க. ஆறு மாசத்துல இருந்து ரெண்டு வயசு வரைக்கும் கெட்டி அட்டை புக்கு தான், முனை வட்டமா வெட்டி இருக்கணும், ஏன்னா படிக்கறதுக்கு முன்னாடி கடிப்பாங்க, அதுவும் படிப்புல சேர்த்தி தான். ஒரு பக்கத்துக்கு ஒரு சொல் ரெண்டு சொல் போதும். ரெண்டரைக்கு மேல மெல்லிசு தாள் புக்கு குடுக்கலாம், பக்கத்துல நாம இருந்தா. இன்னொன்னு, அமுத்தினா சத்தம் வர புக்கு இருக்கே, சிங்கம் கத்தும் கோழி கூவும், அதுல பட்டன் பேட்டரி இருக்கும். அந்த பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டு டைட்டா இருக்கான்னு பாருங்க, இல்லன்னா வாங்கவே வாங்காதீங்க. அந்தச் சின்ன பேட்டரிய குழந்தை முழுங்கினா உணவுக் குழாய்ல ஒட்டிக்கினு ரெண்டு மணி நேரத்துக்குள்ளயே புண்ணாக்கிடும், வெளிய தானா வந்துடும்னு காத்திருக்காம உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயம் அது. எனக்கு அந்த புக்கே பிடிக்காது, அது வேற, கோழி மாதிரி கூவற வேலை அப்பனோடது.

இப்ப படிக்கறது எப்படின்றதுக்கு வரேன், இதுல தான் எனக்கு சொல்ல நிறைய இருக்குது.

நம்ம பக்கம் தெருக்கூத்து பாத்திருப்பீங்க. திரௌபதி அம்மன் கோயில்ல பாரதம் வச்சா ராத்திரி பூரா கூத்து. அதுல ராஜா வேஷம் வந்து நின்னா கட்டியக்காரன் சும்மா விட மாட்டான், நீ யாரு, எங்கிருந்து வர, இன்னாத்துக்கு வரன்னு கேப்பான், நடுவுல ஜனங்க பக்கம் திரும்பி கிண்டல் அடிப்பான், தூங்கறவன எழுப்புவான், கதைய விட்டு வெளிய போய்ட்டு மறுபடி உள்ள வருவான். எங்க அத்தை சின்ன வயசுல இருந்து கூத்து பாத்து வளந்தவங்க, அவங்க புக்கு படிக்கறது அப்படியே கட்டியக்காரன் வேலை தான். “யார்ரா நீ புலி, இன்னாத்துக்கு இங்க வந்த?”ன்னு படத்தப் பாத்து கேப்பாங்க, பேத்தி புலிக்கு பதிலா பேசுவா. நீங்க இதுல கத்துக்க வேண்டியது அந்தக் கேள்வி கேக்கறது. ஆனா கேள்வி பரீட்சை மாதிரி இருக்கக் கூடாது. “இது இன்னா கலர்? இது எத்தினி?”ன்னு கேட்டா பிள்ளை புக்க மூடிடும், நானும் மூடிடுவேன். “இவன் ஏன் ஒளிஞ்சிக்கினு இருக்கான்?” “இப்ப இன்னா ஆவும்?” “நீயா இருந்தா இன்னா பண்ணுவ?” இது மாதிரி, பதில் உங்களுக்கே தெரியாத கேள்வியா கேளுங்க. கேட்டுட்டு வாய மூடிக்கினு காத்திருங்க. அஞ்சு எண்ணுங்க மனசுல. நாம அவசரப்பட்டு நாமளே பதில் சொல்லிடறோம், அது தான் பெரிய தப்பு.

அடுத்தது தமிழ். இத யாரும் பேச மாட்டேங்கறாங்க. புக்குல இருக்கற தமிழ் வேற, வீட்ல பேசற தமிழ் வேற. “அங்கே ஒரு யானை நின்றுகொண்டிருந்தது” அப்படின்னு இருக்கும், ரெண்டரை வயசு பிள்ளைக்கு “நின்றுகொண்டிருந்தது”ன்னா இன்னா தெரியும்? நான் ஆரம்பத்துல அச்சுல இருக்கறத மாத்தக் கூடாதுன்னு நியூஸ் வாசிக்கற மாதிரி வாசிச்சேன், இவ என் மூஞ்சியப் பாத்தா, அப்பா ஏன் வேற மாதிரி பேசுதுன்னு. இப்ப நான் பண்றது, மொத மூணு நாலு தடவ முழுசா வீட்டுத் தமிழ் தான், “தோ பாரு, ஆனை நிக்கிது.” கதை அவளுக்கு மனப்பாடம் ஆன பிறகு, அச்சுல இருக்கற மாதிரியே மெதுவா வாசிப்பேன். அப்ப அவளுக்கு இன்னா நடக்குதுன்னு முன்னாடியே தெரியும், அதனால அந்த புது சொல்லு காதுல தானா ஒக்காந்துக்கும். போன மாசம் பல்லு வெளக்கச் சொன்னா “நான் துலக்கிக்கொண்டிருக்கிறேன்”ன்னு சொல்றா, வீடே சிரிச்சுது. ஒரே ஒரு இடத்துல மட்டும் மொத தடவையே மாத்தாதீங்க, பாட்டு மாதிரி சந்தம் வர வரி, டம டம, சலசல, தத்தித் தத்தின்னு வரது. அது சத்தத்துக்காக எழுதினது, அர்த்தம் அப்புறம் வரட்டும்.

தமிழும் இங்கிலீஷும் ஒரே பக்கத்துல இருக்கற புக்கு நிறைய வருது, சென்னைல இருக்கற தூலிகா 1996ல ஆரம்பிச்சதுல இருந்து ரெண்டு மொழி புக்கு போட்டுக்கினு வராங்க, படம் நம்ம ஊர் படமா இருக்கும், எனக்குப் பிடிக்கும். ஆனா ஒரு வரி தமிழ் ஒரு வரி இங்கிலீஷுன்னு மாத்தி மாத்தி படிக்காதீங்க, ட்யூஷன் மாதிரி ஆயிடும். இன்னிக்கு தமிழ்ல, நாளைக்கு வேணும்னா இங்கிலீஷ்ல. எங்க பக்கத்து வீட்ல உருது பேசறவங்க, அவங்க அதே புக்க வாங்கிக்கினு போய் படத்த வச்சு உருதுல சொல்றாங்க, குடியாத்தம் பக்கம் என் ஃப்ரெண்டு வீட்ல தெலுங்குல ஓடுது. எழுத்து எந்த மொழில இருந்தா இன்னா, படத்துக்கு மொழி கிடையாது. வீட்ல எந்த மொழில கோவப்படறீங்களோ கொஞ்சறீங்களோ அந்த மொழில கதை சொல்லுங்க.

கடைசி பக்கத்துல “நீதி: பெரியோர் சொல் கேட்க வேண்டும்”னு பெட்டி கட்டி போட்டிருந்தா நான் கட்டை விரல வச்சு மறைச்சிடுவேன். கதைல முயல் பண்ண சேட்டைய ரசிச்சு சிரிச்சுக்கினு இருக்கற பிள்ளைகிட்ட போய் அத சொல்லணுமா? இப்ப அவளே படிக்க ஆரம்பிச்சுட்டா, “இங்க இன்னாமோ எழுதி இருக்குதுப்பா”ன்னு விரல தள்ளறா, மாட்டிக்கினேன். எழுத்து பத்தியும் ஒன்னு, நாலு வயசு வரைக்கும் புக்க வச்சு “இது இன்னா எழுத்து”ன்னு கேக்காதீங்கன்றது என் கட்சி. படிக்கும்போது விரல எழுத்து கீழ ஓட்டிக்கினு போனாப் போதும். பெரியவ அப்படித் தான் “ஆ”வ கண்டுபிடிச்சா, ஆடு வர பக்கம் எல்லாத்துலயும் அது இருந்துது.

எங்க வாங்கறது? மொதல்ல வாங்காம எப்படின்னு பாக்கலாம். உங்க வீட்டு வரி ரசீத எடுத்துப் பாருங்க, நூலக வரின்னு ஒன்னு சேத்து வாங்கறாங்க. 1948ல மெட்ராஸ் மாகாணத்துல பொது நூலகச் சட்டம் வந்ததுல இருந்து வரது அது, இந்தியா சுதந்திரம் வாங்கின பிறகு வந்த மொத நூலகச் சட்டம். அப்ப காசு ஏற்கனவே குடுத்தாச்சு, போய் உறுப்பினர் ஆயிடுங்க. வேலூர்ல மாவட்ட மைய நூலகம் இருக்குது, ஊருக்கு ஊர் கிளை நூலகம் இருக்குது. ஒரு ஊர்ல, எந்த ஊருன்னு வேணாம், பிள்ளைங்க புக்க எல்லாம் பீரோல வச்சு பூட்டி இருந்தாங்க, கேட்டா பசங்க கிழிச்சிடுவாங்களாம். நான் சண்டை போடல, நாலு சனிக்கெழம தொடர்ந்து பிள்ளைய இடுப்புல வச்சிக்கினு போய் “சார் அந்த பீரோ”ன்னு நின்னேன், அஞ்சாவது வாரம் அவரே சாவிய எடுத்து வச்சிருந்தார்.

அப்புறம் ஸ்டோரிவீவர். பெங்களூர்ல இருக்கற பிரதம் புக்ஸ் 2015ல ஆரம்பிச்ச வெப்சைட், தமிழ்ல ஏகப்பட்ட பட புக்கு, எல்லாம் இலவசம், டவுன்லோட் பண்ணலாம், பிரிண்ட் எடுக்கலாம், அதுக்கு அனுமதி குடுத்தே தான் போட்டிருக்காங்க. நாலு லெவலா பிரிச்சிருப்பாங்க, சின்னதுங்களுக்கு லெவல் ஒன்னு. ஆனா செல்லுல காட்டாதீங்க, ரெண்டாவது பக்கத்துல கை வேற ஆப்புக்குப் போயிடும். காட்பாடி பக்கம் காலேஜ் பசங்க ப்ராஜெக்ட் பிரிண்ட் போடற ஜெராக்ஸ் கடைங்க வரிசையா இருக்குது, அங்க குடுத்து ஒரு தாளுக்கு ரெண்டு பக்கம் வர மாதிரி, புக்லெட்னு சொல்லிக் கேட்டா மடிக்க ஏத்த மாதிரி போட்டுத் தருவாங்க. கலர்ல போட்டா காசு கடிக்கும், நான் பாதி புக்க கறுப்பு வெள்ளைல தான் போடறேன், கலர் பெரியவ அடிச்சுக்கறா. எழுதினவங்க வரஞ்சவங்க பேர் இருக்கற பக்கத்த விட்டுடாதீங்க, அதையும் படிச்சுக் காட்டுங்க, ஒருத்தர் உக்காந்து வரஞ்சது தான் இதுன்னு பிள்ளைக்குத் தெரியணும்.

காசு குடுத்து வாங்கறதுன்னா வருஷா வருஷம் நடக்கற புத்தகத் திருவிழா தான் நல்லது, ஏன்னா திறந்து பாத்து, கைய வச்சு எழுத்த மூடிப் பாக்கலாம், ஆன்லைன்ல அட்டை மட்டும் தான் தெரியும். நேஷனல் புக் டிரஸ்ட் ஸ்டாலுக்கு மொதல்ல போங்க, மத்திய அரசு 1957ல ஆரம்பிச்சது, பிள்ளைங்களுக்கு தமிழ்லயும் இருக்குது, வெல கம்மி, சில பழைய புக்குங்க படம் அவ்ளோ அழகு, தாளும் அடிச்சிருக்கற ஸ்டேப்லர் பின்னும் தான் கொஞ்சம் சுமார். தாரா புக்ஸ்னு சென்னைல ஒருத்தங்க, கையால செஞ்ச தாள்ல ஸ்க்ரீன் பிரிண்டிங் பண்ணி போடறாங்க, மோந்து பாத்தா மை வாசன வரும், அத நான் வாங்கி பீரோ மேல வச்சிருக்கேன், அது எனக்கு, பிள்ளைங்களுக்கு இல்ல. “இவ்ளோ சின்ன புக்குக்கு இவ்ளோ வெலையா”ன்னு எல்லாருமே கேக்கறாங்க, நானும் கேட்டேன். பெரிய தாள மடிச்சு வெட்டும்போது 8, 16ன்னு தான் பக்கம் வரும், அதனால பட புக்கு பெரும்பாலும் 24, இல்ல 32 பக்கத்துல நிக்கும். அத்தினி பக்கமும் கலர், அத்தினி பக்கமும் ஒருத்தர் வரையணும். ஒரு பிளேட் ஆம்பூர் பிரியாணி காசு, பிரியாணி அரை மணி நேரத்துல காலி, இது ஆறு மாசம் ஓடும்.

எங்க வைக்கறது? ஷோகேஸ்ல வேணாம். தரைல ஒரு பழைய பிளாஸ்டிக் கூடை, அட்டை முன்னாடி தெரியற மாதிரி ஏழெட்டு புக்கு, அவ்ளோ தான். முப்பது புக்க கொட்டி வச்சா ஒன்னையும் எடுக்க மாட்டாங்க. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ நாலு புக்க ஒளிச்சு வச்சிட்டு வேற நாலு வைங்க, பழசு திரும்பி வரும்போது சொந்தக்காரங்க வந்த மாதிரி பாப்பாங்க. நேரம் தூங்கறதுக்கு முன்னாடி தான்னு இல்ல, அக்னி நட்சத்திரத்துல மத்தியானம் வெளிய விட முடியாது, ஈரத் துணியால தரைய தொடச்சிட்டு அதுல படுத்துக்கினு படிக்கறது எங்க வீட்ல வழக்கம்.

கிழியும். அதுக்குத் திட்டினா அப்புறம் புக்கு பக்கமே வராது. அகலமான டேப்ப கிழிஞ்ச ரெண்டு பக்கமும் ஒட்டுங்க, பிள்ளையையே ஒரு முனை பிடிக்கச் சொல்லுங்க. பின் அடிச்ச புக்கு தான் ஆபத்து, நம்ம வேர்வை கைக்கு பின் துரு பிடிச்சு கழண்டு வரும், சின்னவன் வாய்ல போட்டுக்குவான். நான் புது புக்கு வந்த அன்னிக்கே பின்ன புடுங்கிட்டு நூல்ல தெச்சிடுவேன், இது நம்ம தொழில் ஆச்சே. ஷூவுக்கு தெக்கற மெழுகு போட்ட நூலு ரெண்டு முழம், ஒரு தடிச்ச ஊசி. நடு மடிப்புல குத்தூசி வச்சு மூணு ஓட்டை, நடுவுல ஒன்னு, மேலயும் கீழயும் ஒன்னொன்னு. உள்பக்கம் இருந்து நடு ஓட்டைல விட்டு வெளிய எடுங்க, மேல் ஓட்டைல உள்ள விடுங்க, உள்ளயே நீட்டமா கீழ் ஓட்டைக்கு எடுத்துக்கினு போய் வெளிய விடுங்க, மறுபடி நடு ஓட்டைல உள்ள வாங்க, அந்த நீட்ட நூலுக்கு ரெண்டு பக்கமும் முனைங்க வர மாதிரி வச்சு இழுத்து முடி போடுங்க. முடிச்சு உள்பக்கம் தான் வரணும், வெளிய வந்தா அத தான் மொதல்ல கடிப்பான்.